சாவி கொடுக்கும் கார்

இன்று ஒரு கடையில் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும், திண்டிவனத்தில் மாதா கோயில் தேருக்குப் போட்ட, இப்போது இல்லாத பொம்மைக் கடைகளும், தகரத் தட்டில் கரகரவென்று சுற்றும் சாவி கார்களும் நினைவில் ஓடத் தொடங்கின. வருடா வருடம் கடைக்காரர் கேட்காமலேயே தம்பிக்குக் காரையும் எனக்குச் சொப்புச் சாமானையும் நீட்டுவார். வீட்டில் நான் கார் ஓட்டுவேன், தம்பி சொப்பில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைப்பான்.

ஒரு வருடம் கடையிலேயே காரைக் கேட்டுவிட்டேன்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா காரு?” என்று அவர் சிரித்தார்.

அம்மா அவர் கொடுத்ததையே வாங்கிக்கொண்டாள். தெருமுனை திரும்பியதும் நின்று, சொப்பைத் தம்பியிடமும் காரை என்னிடமும் கொடுத்தாள்.

“எப்படியும் வீட்ல போய் மாத்திக்கத்தான் போறீங்க. இந்தா, இங்கயிருந்தே ஓட்டிக்கினு வா.”