நைனாவைக் காவல் காத்த நாட்கள்

எனக்கு எட்டு வயது நடந்தபோது அம்மா என்னை ஒரு வேலைக்கு வைத்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா எங்கே போனாலும் நான் கூடவே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"நான் அனுப்பிச்சேன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள். ஏன் என்று கேட்டதற்குக் காதைத் திருகினாள்.

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் எங்கள் நிலம். பக்கத்திலேயே பெரியப்பாவின் நிலம். அவருடைய கிணறு தோல் பதனிடும் ஷாப்புக்கு அருகில் இருந்தது. தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஷாப்புக்குப் பின்னால் குட்டையாக நிற்கும். அது மண்ணுக்குள் இறங்கி இறங்கி, அந்தக் கோடையில் பெரியப்பாவின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போயிற்று. பாய்ச்சிய கேழ்வரகு நுனியிலிருந்து கருகியது. வேர்க்கடலை விலை விழுந்து ஏற்கெனவே ஒரு வருஷ உழைப்பை இழந்திருந்தார்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்த பெரியப்பா உட்காரக்கூட இல்லை. "ரெண்டே ரெண்டு நாளு உன் கிணத்துத் தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி வுடுடா. பயிர் பொழைச்சிக்கும்" என்றார்.

"என்னுதுக்கே கம்மியா கீது, அண்ணா" என்றார் நைனா.

பெரியப்பா கோபப்படவில்லை. என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். எட்டாம் நாள் அவரை அவருடைய கிணற்றிலிருந்து தூக்கினார்கள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடலை விலை என்றார்கள், ஷாப்புத் தண்ணீர் என்றார்கள், கடன் கிஸ்தி கேட்டு வந்தவன் நாலு பேர் எதிரில் பேசிய பேச்சு என்றார்கள். பிள்ளைகளிடம் மட்டும், கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் பழக்கியவர் எப்படி முழுகினார் என்று கேட்டேன்.

அதன்பிறகு நைனா சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அம்மா அடுப்பைப் பார்க்காமல் அவரையே பார்ப்பாள். அப்போதுதான் எனக்கு இந்த வேலை வந்தது. வேலையை நான் ஒழுங்காகவே செய்தேன். அவர் முடி வெட்டிக்கொள்ளும்போதும் எதிரில் குந்தியிருந்தேன். புதர்ப் பக்கம் ஒதுங்கினால்கூட முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நின்றேன். எதைத் தடுக்க நிற்கிறேன் என்று தெரியாது. ஆனால் அம்மாவின் பயம் எப்படியோ என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அவர் எங்கள் நிலத்துக்குப் போகாமல் பெரியப்பாவின் கிணற்றுக்குப் போனார். தோளிலிருந்த துண்டை மடித்துக் கல்லின் மேல் வைத்தார். திரும்பிப் பார்த்தவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"நீ வூட்டுக்குப் போ."

"போ மாட்டேன்."

"இன்னாத்துக்கு என் பின்னாடியே சுத்தற? போன்னா போ!"

அவர் அப்படிக் கத்தியதே இல்லை. அழுகை வந்துவிட்டது. "அம்மா சொல்லிச்சு! உன்னை வுட்டுட்டு நான் மட்டும் வூட்டுக்கு வரக்கூடாதுன்னு சொல்லிச்சு!"

"உங்கம்மாவா சொன்னா?" என்று நைனா மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அப்படியே கிணற்று மேட்டில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தண்ணிதானே கேட்டான்... தண்ணிதானே கேட்டான் எங்கண்ணன்..."

அந்தக் கிணற்றிலேயே நிறையத் தண்ணீர் இருக்கிறதே, அதற்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன். ஆனாலும் அவர் வேட்டி நுனியை விடவில்லை. வெகு நேரம் கழித்து எழுந்து என் கையைப் பிடித்தார். வீடு வரும்வரை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு போய், எங்கள் கிணற்று வாய்க்காலைப் பெரியப்பா போனபிறகு பெரியம்மா பார்த்துவந்த நிலத்துப் பக்கம் வெட்டிவிட்டார். அந்தப் போகத்தில் எங்கள் பயிரில் பாதி காய்ந்தது. இரண்டு வீட்டிலும் கூழ்தான். ஆனால் நைனா தன் பங்கைக் குடித்தார்.

அடுத்த வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே நைனா கூடப் போக வேணாம், போய் வெளையாடு" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன், அதனால்தான் வேலையிலிருந்து நீக்கிவிட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.