கோதண்டம் அடைத்து வைத்த பூனை

ராயபுரத்தில் கோதண்டத்தைப் போல அழத் தெரிந்த ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. நிலக்கரிக் கிடங்கில் அவனுக்கு மேஸ்திரி வேலை. கூடை சுமக்கும் பெண்களை அதட்டுவதற்கென்றே அமைந்த தொண்டை. அதே தொண்டை, யாராவது "பாவம், ராஜாத்தி" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் கணமே தழுதழுக்கும். மேல்துண்டு கண்ணுக்குப் போகும். துண்டின் ஓரத்தில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்து, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளும்.

ராஜாத்தி அவனுடைய முதல் மனைவி. விஷ சுரத்தில் போய்விட்டாள். உயிரோடு இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்தவனில்லை. செத்த பிறகோ விளக்கு மாடத்துக்குத் தினமும் அவள் பெயரைச் சொல்லி மாலை போட்டான். தெருவில் உள்ளவர்கள் உருகிப்போனார்கள். இந்த வீட்டிலிருந்து குழம்பு, அந்த வீட்டிலிருந்து பணியாரம். வேலைக்குத் தாமதமாகப் போனாலும் கிடங்குத் துரை முகம் சுளிக்கவில்லை. பெண்டாட்டி செத்த அந்த ஒரு வருஷத்தைப் போல ஒரு நல்ல காலத்தை அந்த மனிதன் அதற்கு முன் கண்டதே இல்லை.

ராஜாத்தி ஒரு பூனை வளர்த்திருந்தாள். செம்பட்டை நிறம் என்பதால் சிவந்தி என்று பெயர். அவள் போன மறுநாளே கோதண்டம் பின்பக்கச் சன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தான். "அவ வுட்டுட்டுப் போன உசுரு இது ஒண்ணுதான். இதயும் வெளிய வுட்டு நாய் வாயில குடுக்கவா?" என்று அவன் கேட்டபோது கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பூனை என்ன தின்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பழைய சோறும் புளித்த மோரும்தான்.

பிறகு வரலட்சுமி வந்தாள். மாதவரத்தில் எருமை வைத்துப் பால் கறக்கும் ஒருவனுடைய தங்கை. அவள் வந்த நாளிலிருந்து குழம்பும் நின்றது, பணியாரமும் நின்றது. வீட்டில் ஒருத்தி உலை வைக்கும்போது எந்த மடையன் அடுத்தவனுக்குச் சோறு கொண்டுவருவான்? கோதண்டம் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் எதிரே உட்கார்ந்து, மூத்தவளை நினைத்து உதடு துடிக்க அழுது காட்டினான். வரலட்சுமி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சோறு பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். அதை அவன் மன்னிக்கவே இல்லை.

அந்தப் பூனை பகல் முழுவதும் அரிசிப் பானை மேல் சுருண்டு தூங்கும். வரலட்சுமி அந்தி விளக்கை ஏற்றும் நேரத்தில் மட்டும் அதற்கு என்னவோ ஆகிவிடும். காதுகள் பின்னால் மடியும். கண் இரண்டும் கறுப்பாக விரியும். வால் சீயக்காய் தேய்த்த முடி போலச் சிலிர்த்துக்கொள்ளும். கூடத்திலிருந்து அடுப்படிக்கு ஒரே பாய்ச்சல், அங்கிருந்து கயிற்றுக் கட்டில் மேல், கட்டிலிலிருந்து சுவரில் கால் வைத்து மறுபடி கூடம். திடீரென்று நின்று, தனக்கும் அந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாததைப் போல முன்காலை நக்கிக்கொள்ளும்.

முதல் தடவை பார்த்தபோது வரலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். கோதண்டம் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாக அந்த ஓட்டத்தைக் கண்டுகொள்ளாதவன்தான். அவன் கை துண்டைத் தேடியது.

"ராஜாத்தி வந்துட்டா," என்றான்.

மறுநாள் அந்திக்குத் தெருவே வாசலில் நின்றது. "அடுப்பாண்ட போறா பாரு, அவ சமைச்ச எடம். கட்டில்ல ஏறுறா பாரு, அவ படுத்து உசுரு வுட்ட எடம்," என்று கோதண்டம் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அர்த்தம் சொல்லி அழுதான். பூனை தடுக்கி விழுந்ததற்குக்கூட ஓர் அர்த்தம் வைத்திருந்தான். குழம்பு மறுபடியும் வர ஆரம்பித்தது.

வந்தவர்களில் யாரோ ஒருத்தி, மூத்தவளுக்கு இளையவள் இங்கே இருப்பது பிடிக்கவில்லையோ என்று வாய்தவறிச் சொல்லிவைத்தாள். கோதண்டம் அதைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டான். சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வணங்கி, புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை அந்தப் படையலை வைப்பது, பூசாரி பரசுராமனைக் கூப்பிடுவது, எல்லார் எதிரிலும் விளக்கேற்றியதும் பூனை ஓடினால் ராஜாத்திக்குச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

"ஓடிச்சுன்னா நீ மாதவரத்துக்குப் போய்டு. அவ மனசு ஆறட்டும். அப்பால பாத்துக்கலாம்," என்றான் மனைவியிடம்.

அந்த 'அப்பால' எந்தக் காலத்திலும் வராது என்று வரலட்சுமிக்குத் தெரியும். மாதவரத்தில் அவள் படுத்திருந்த மூலையில், கல்யாணத்துக்கு மறுநாளே புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கியவள் அவள் அண்ணி. இந்த வீட்டை விட்டால் அவளுக்கு உலகத்தில் கால் நீட்ட இடம் கிடையாது.

கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். கண்ணீர் சத்தமில்லாமல் குடத்துக்குள்ளேயே விழுந்தது. அழுவது யாருக்கும் தெரியக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வீட்டுக் காத்தூன் பீவி அதையும் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, கண்ணு செவந்து கீது?"

வரலட்சுமி சொன்னாள். கேட்டு முடித்ததும் பீவி வெற்றிலையைத் துப்பினாள்.

"பூனை மேல பேயா? போடி. ராஜாத்தி இருக்கசொல்லோ இது அந்திக்கு வூட்ல கெடந்து நான் பாத்ததே இல்ல. வெளக்கு வெக்கிற நேரத்துக்குப் பின்சன்னல்ல குதிச்சு அரிசி மண்டிக்குப் போய்டும். எலி வெளிய வர்ற நேரமாச்சே அது. இப்ப பொழுதுக்கும் தூங்கிகினு கீது. ஓடித் திரியற சென்மம், கால் சும்மா கெடக்குமா? எலி இல்லாங்காட்டியும் வேட்டைக்கு நேரம் வந்துட்டா ஓடத்தான் ஓடும்."

"தெறந்து வுட்டுட்டா?"

"உம் புருசன்தான் கப்பலுக்கு அடிக்கிற மாதிரி ஆணி அடிச்சு வெச்சுகீறானே."

வரலட்சுமி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூனை வேட்டைக்குப் போவ முடியலன்னா, வேட்டை வூட்டுக்கு வரட்டும் பீவிம்மா," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோதண்டம் பூசாரியை அழைத்துவரப் புது வேட்டியில் புறப்பட்டான். அவன் தலை மறைந்ததும் பின்சுவருக்கு மேலாகப் பீவியின் கை நீண்டது. வாழை மட்டையில் மீன் தலைகள். படையல் நாளில் வீட்டுக்குள் மீன் வாடை. மட்டையை வாங்கி வைத்துவிட்டு, வரலட்சுமி மாடத்தின் முன்னால் நின்று கை கூப்பினாள். "அக்கா, கோவிச்சுக்காதே. உன் பூனைக்குத்தான்," என்றாள்.

கயிற்று நுனியில் ஒரு கந்தலைக் கட்டி, மீனில் தேய்த்து, தரையில் இழுத்தாள். பானை மேலிருந்து ஒரு கண் திறந்தது. அப்புறம் இன்னொன்று. கந்தல் பானைக்குப் பின்னால் ஒளிந்தது, உலக்கைக்குப் பக்கத்தில் துடித்தது. சிவந்தி வயிறு தரையில் பட, இடுப்பை ஆட்டி, பாய்ந்தது. தவறியது. மறுபடி பாய்ந்தது. வரலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடினாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படி ஓடியதில்லை. பூனைக்கு மூச்சு வாங்கும்வரை இழுத்து, கடைசியில் கந்தலை அதன் வாயில் விட்டாள். பிறகு மீன் தலைகளை வைத்தாள். தின்றது, முகம் கழுவிக்கொண்டது, படையலுக்காக மணைமேல் மடித்து வைத்திருந்த புதுப் புடவையில் ஏறிப் படுத்தது. எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தியில் கூடம் நிறைந்துவிட்டது. நெட்டுக்குப்பத்திலிருந்து ராஜாத்தியின் அக்கா முத்தம்மா மீன்கூடையோடு நேராக வந்திருந்தாள். தங்கையைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படி ஏறியதில்லை.

"யாரும் சத்தம் போடாதீங்க. அவளா வரணும்," என்று கோதண்டமே சொல்லி வைத்திருந்தான்.

வரலட்சுமி விளக்கேற்றினாள். பரசுராமன் கற்பூரம் காட்டினார். எல்லாக் கண்களும் பூனை மேல். பூனை ஒரு பெருமூச்சு விட்டு, மூக்கை வாலுக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டது.

காத்திருந்தார்கள். கற்பூரம் அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். அதுவும் அணைந்தது.

"இன்னா மாமு, அக்கா இன்னிக்கி ஊர்ல இல்லியா?" என்றது வாசலில் ஒரு குரல். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

கோதண்டத்தின் துண்டு கண்ணுக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே அவன் கால் மெல்ல நகர்ந்து, பெருவிரலால் பூனையைத் தள்ளியது. அசையவில்லை. இன்னொரு தள்ளு. பிறகு, தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்து, உதைத்தான்.

சிவந்தி புடவையோடு சறுக்கிப் போய் விழுந்தது. ஓடவில்லை. எழுந்து, முதுகை வளைத்து, மீன் நாற்றம் அடிக்கும் முத்தம்மாவின் மடியைத் தேடிப்போய்ச் சுருண்டது.

முத்தம்மா அதன் விலாவைத் தடவிக் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏம்ப்பா கோதண்டம். இத்தினி நாளா இதான் எந்தங்கச்சின்னு ஊர்பூரா சொல்லிகினு இருந்த. இப்ப நீ யார ஒதைச்ச?"

முத்தம்மா அவன் காலைப் பார்த்தாள்.

"கால் தானா போச்சே. பழக்கமா?"

கோதண்டம் வாயைத் திறந்தான். அந்தத் தொண்டை அன்றைக்கு வேலை செய்யவில்லை. பதில் வாசற்படியிலிருந்து வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், எல்லாம் கேட்கும். காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"பழக்கந்தாம்மா."

முத்தம்மாவின் கண்ணிலிருந்து வழிந்த நீர் பூனையின் முதுகில் சொட்டியது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. பூனையை வரலட்சுமியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"இந்தப் பொண்ணு மேல உன் காலு பட்டுதுன்னு காதுல வுழுந்துது, நெட்டுக்குப்பமே இங்க வந்து நிக்கும். இப்ப போய் அந்தச் சன்னல் ஆணியப் புடுங்கு."

அத்தனை பேர் எதிரில், புது வேட்டியோடு, கோதண்டம் ஆணி பிடுங்கினான். துரு ஏறிய ஆணிகள் ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வெளியே வந்தன. அவனுக்குக் கைகொடுக்க ஒருவரும் எழவில்லை. பரசுராமன் தட்டை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் விளக்கேற்றும் நேரத்தில் சிவந்தி சோம்பல் முறித்தது. சன்னல் விளிம்பில் ஒரு கணம் நின்று, அரிசி மண்டிப் பக்கம் மூக்கை நீட்டி, குதித்துவிட்டது. வாசலில் ஒரு ஆளும் இல்லை. குழம்பும் இல்லை. கோதண்டம் கட்டிலில் உட்கார்ந்து, வழக்கத்தை விடாமல் உதட்டைத் துடிக்கவைத்துப் பார்த்தான்.

வரலட்சுமி ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சோறு பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள்.