அண்ணி கொண்டுவந்த எண்ணெய்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிதம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் பழம் இருக்காது, பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பைகூட இருக்காது. எண்ணெய் பாட்டில் மட்டும் இருக்கும். பாதாம் எண்ணெயில் கேரட் துருவலைப் போட்டுக் காய்ச்சி, வைட்டமின் மாத்திரைகளை ஊசியால் குத்திப் பிழிந்து, அவரே தயாரித்தது. மூடியைத் திறந்தால் ஊசிப்போன கேரட் பொரியலின் வாடை அடிக்கும்.

2005இல் என் மகள் கைக்குழந்தை. அப்படியே என் நிறம். அதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"அத்தினியும் வைட்டமின்மா. விடாம தேய்ச்சா எங்க வீட்டுக் கலர் வந்துடும்."

நல்ல மே மாத வெயில். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, தோசைக்கல்லுக்கு விடுவது போல எண்ணெயை ஊற்றுவார். பிறகு கடலை மாவைப் பிசைந்து உருட்டி முதுகிலும் காதிலும் தேய்ப்பார். பூனை முடி உதிர வேண்டுமாம். பிள்ளையின் கழுத்து மடிப்பில் அந்த மாவு கசடாகத் தங்கிவிடும். தூளித் துணி பிசுபிசுத்து மஞ்சளாகிவிட்டது. எறும்பு வர ஆரம்பித்தது. என் பிள்ளையை முத்தமிடப் போய், வாடை தாங்காமல் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்றவளுக்கு இப்படியும் ஒரு கதி உண்டா?

அப்புறம் முதுகெல்லாம் வேர்க்குரு, வேர்க்குருவெல்லாம் சீழ். எண்ணெயே கூடாது என்றார் டாக்டர்.

"அந்தாளுக்கு என்னா தெரியும்? இன்னும் ஜாஸ்தியா தேய்க்கணும்" என்றார் அண்ணி.

"அக்கா ஆசையா செய்யறாங்க. உனக்கென்ன?" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அடுத்த ஞாயிறும் அண்ணி அந்தப் புண் மேலேயே எண்ணெயை விட்டார். பிள்ளை வீறிட்டது. நான் அவர் காலிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டேன்.

"என் பொண்ணு கலருக்கு என்னா குறைச்சல் அண்ணி? பாத்திரமா அவ, போட்டு தேய்ச்சிட்டே இருக்கறதுக்கு?"

அண்ணி கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிப் போய்விட்டார். மிச்சமிருந்த எண்ணெயை வாசல் கேட்டின் கீலுக்கு விட்டேன். அந்தக் கேட்டும் கறுப்பாகவேதான் இருந்தது. புண் ஆறி பிள்ளையின் முதுகு வழவழவென்று ஆனபோது, இந்தச் சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

மகள் ஒன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். பழசை எத்தனை நாள்தான் பிடித்துக்கொண்டு தொங்குவது என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அழைத்துவரப் போனால், வாசலில் முகமெல்லாம் பளபளக்க நிற்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரோட்டுப் புழுதியெல்லாம் அவள் கன்னத்தில் ஒட்டியது. புதுச்சத்திரம் தாண்டியதும் முந்தானையால் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"தொடைக்காதம்மா. கலர் போயிடும்."

"யாரு சொன்னா?"

"அத்தை. நீ சின்ன வயசுல பூசிக்கவே இல்லியாம். அதான் இப்பிடி ஆயிட்டியாம்."

பையைத் துழாவி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள்.

"அத்தைகிட்ட உனக்கும் கேட்டு வாங்கியாந்தேன்."

மூடியைத் திறந்தாள். அதே ஊசிப்போன வாடை. அவள் ஒரு விரலில் எண்ணெயைத் தொட்டு, எனக்கு வலிக்குமோ என்பது போல மெதுவாக என் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். அண்ணியிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிய கை எனக்கு. அந்த விரலைத் தட்டிவிட மட்டும் அது எழவில்லை.

"அழாதம்மா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றாள் என் மகள்.