முத்தண்ணையின் முதல் ஐந்து படங்கள்

அறக்குளா மீனின் வாலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டப் போன செபமாலைமுத்து என்கிற முத்தண்ணை, கத்தியை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார். வாசல்வரை நின்ற சனமும் பேச்சை நிறுத்தியது. வெம்பிளியில் அவருடைய மீன்கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஐஸ் பெட்டிக்கு மேலே சுவரில் அடித்த தட்டில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருக்கிறது. அதில், கறுப்பு வெள்ளையில், தோள் தெரிய உடுத்த ஒரு பெண் தொலைபேசியைக் காதில் வைக்கிறாள். "பார்லா," என்கிறாள். "தி அஸ்கோல்த்தோ." பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அறக்குளாவுக்கு மோட்சம்.

கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், தமிழ்ப் பாட்டுப் போட்டால் என்ன அண்ணை என்று கேட்பார்கள். "பாட்டை வீட்டில கேளுங்கோ. இஞ்ச மீனை வாங்குங்கோ," என்பது பதில். கவுன்சிலிலிருந்து சுகாதாரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், மீன் வெட்டும் இடத்தில் இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டுவிட்டார். முத்தண்ணை படத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்க, மனிதர் பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போனார். முத்தண்ணையின் ஆங்கிலம் நொண்டும். தமிழ் யாழ்ப்பாணக் கரையோரத்துத் தமிழ், ஓடும். ஆனால் இத்தாலிய மொழி மட்டும் அவர் வாயில் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு நடக்கும்.

கல்லாவில் இருப்பவர் அவருடைய மனைவி பியற்றிஸ். சக்களத்தி ஒருத்தி இருந்தாலும் மனிதர் அவளை இவ்வளவு கண்ணியமாக நடத்தியிருக்கமாட்டார் என்பது அவருடைய முறைப்பாடு. காரணம் இல்லாமலில்லை. தொலைக்காட்சியையோ அந்த நடிகையின் கசெற்றுகளையோ தொடுவதற்கு முன்னால் முத்தண்ணை கடையின் பின்பக்கம் போய், தேசிக்காய்ப் பாதியை உள்ளங்கையில் தேய்த்து, நகக்கண் வரை கழுவி, துடைத்து, மணந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். மீன் கையால் அந்தப் பெட்டியை அவர் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. "என்ர கையைப் பிடிக்கேக்க ஒருநாளும் தேசிக்காய் போட்டுக் கழுவினதில்லை," என்று பியற்றிஸ் சனத்துக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். முத்தண்ணை காது கேளாதவர்போல் மீனின் செவுள் பூவைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

நடிகையின் பெயர் பியமெற்றா கொர்சாரி. இத்தாலிக்காரி. அறுபதுகளில் ஐரோப்பாவின் சுவரெல்லாம் அவள் முகம்தான் என்பார்கள். அவளுடைய கண்ணைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் மற்ற ஆண்கள் ஏதாவது சொன்னால் முத்தண்ணைக்குப் பிடிக்காது. "குரலைக் கேளுங்கோ" என்று அதட்டுவார். அவளுடைய படங்களில் மிகச் சிறந்தவை ஐந்து என்பது அவர் தீர்ப்பு. முதலாவது, தொலைபேசிக் காட்சி வருகிற ‘துறைமுகத்துச் சீமாட்டி'. அடுத்தது ‘கறுப்புக் கையுறை'. பிறகு ‘ஞாயிற்றுக்கிழமைக் கைதி', ‘மேல்மாடியில் யாரோ', ‘ஐஸ் வியாபாரியின் மகள்'. பெயர்களைத் தமிழாக்கியவரும் அவர்தான். அந்த வரிசையில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. அவளுக்குப் பெரிய பரிசுகளெல்லாம் வாங்கிக் கொடுத்த பிற்காலப் படங்கள் மீன் பைகளுக்குக் கீழே கிடந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்த வாடிக்கையாளர் யோகமலர், இதுதானே அண்ணை நல்ல நடிப்பு என்று சொல்லப்போய், கொஞ்ச நாள் அந்தக் கடையில் கணவாய் மீனே கிடைக்காமல் அலைந்தார். "அதுக்குப் பிறகு அவ சிகரெட் குடிச்சுக் குரலைக் கெடுத்துப் போட்டா. சளித் தடிமன் பிடிச்ச மாதிரிக் கதைக்கிறா," என்பது முத்தண்ணையின் விளக்கம்.

இந்தப் பைத்தியத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது பியற்றிஸுக்கு மட்டும் தெரியும். எண்பதுகளின் நடுவில் முத்தண்ணை தனியாளாகப் பலெர்மோவில் போய் இறங்கினார். ஒரு விதவைக் கிழவியின் வீட்டில் கூட்டித் துடைத்து, உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்குகிற வேலை கிடைத்தது. கிழவிக்குக் காது மந்தம். விரலை நீட்டி வேலை சொல்வாள், அவ்வளவுதான். ஊரில் சண்டை, கடிதம் வருவதில்லை, பக்கத்தில் தமிழர் இல்லை. மாதக்கணக்கில் ஒரு மனித உயிரும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானத்தில் கிழவி தொலைக்காட்சியை அலறவிட்டுக்கொண்டு தூங்கிப்போவாள். ஒருநாள் அதிலிருந்து ஒரு பெண் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள், பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. மினுக்குப் பெட்டியைக் கையில் பிடித்தபடி முத்தண்ணை தமிழில் பதில் சொன்னார். இன்றைக்கு மழை என்றார். கால் குளிருகிறது என்றார். பிறகு அழுதார்.

அதற்குப் பிறகு அவள் படம் எப்போது போட்டாலும் அவள் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார். இழுத்த இடத்தில் இழுத்தார், மூச்சு விட்ட இடத்தில் விட்டார். முதன்முதலாகப் பலெர்மோ மீன்சந்தையில் வாய் திறந்தபோது வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். சாரமும் செருப்புமாய் நின்ற கறுத்த மனிதனின் வாயிலிருந்து ஒரு பிரபு வீட்டுச் சீமாட்டி பேசினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அவருக்குப் பட்டம் கொன்தெஸ்ஸா, அதாவது சீமாட்டி. சிரித்தவர்களே பிறகு கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். இவனைப் பேசவிட்டால் சனம் கூடுகிறது என்று கண்டுகொண்டார்கள். பியற்றிஸும் அப்படிக் கூடிய சனத்தில் ஒருத்தியாகப் போய் நின்றவர்தான். அதனால் சக்களத்தி என்று வாய் சொன்னாலும், அவள் இல்லாவிட்டால் இந்த மனிதர் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இத்தாலியப் பாஸ்போட் கிடைத்ததும், பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று எல்லாரையும்போல் இவர்களும் லண்டனுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளை பெர்னடெற் இப்போது நகரத்தில் வேலை செய்கிறாள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் ஒருநாள் அவள் இரண்டு ரிக்கற் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். தேம்ஸ் நதியோரத்துத் திரையரங்கு ஒன்றில் பியமெற்றா கொர்சாரியின் சிறந்த படங்களைக் காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளே நேரில் வருகிறாள். முத்தண்ணை ரிக்கற்றைத் தொடவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீன்கடையைப் பூட்டுவது வெம்பிளியில் யாரும் கேள்விப்படாத செய்தி. பூட்டினார். பெர்னடெற் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளுக்குத் தைத்த கோட்டு இறுக்கியது, போட்டுக்கொண்டார். ஜுபிலி ரயிலில் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. செபமாக்கும் என்று பியற்றிஸ் நினைத்தார். செபமில்லை, ஒரேயொரு வசனம். சீமாட்டியே, எனக்குப் பேச்சுத் தந்தது நீங்கள். இருபது வருடமாக மனதுக்குள் வைத்திருந்த நன்றியை ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் வந்தாள். வெள்ளைத் தலை, சிவப்பு உடுப்பு, கையில் ஊன்றுகோல். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முத்தண்ணையின் கண் நிரம்பிவிட்டது. அவள் உட்கார்ந்து, ஒலிவாங்கியைப் பிடித்து, வணக்கம் சொன்னாள்.

பியற்றிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சல்லிக்கல்லில் இரும்பு வாளியை இழுத்த மாதிரி ஒரு குரல். வயதானால் குரல் தளரும், நடுங்கும். இது தளர்ந்த குரலில்லை, வேறு குரல். முத்தண்ணை மனைவியின் காதோடு, "தடிமன்போல," என்றார்.

பேட்டி எடுத்தவர் தொலைபேசிக் காட்சியைப் பற்றிக் கேட்டார். நடிகை சிரித்தாள். அந்தக் காலத்தில் இத்தாலியில் படமெடுக்கும்போது சத்தத்தைப் பதிவதில்லை, பிறகுதான் குரல் சேர்ப்பார்கள் என்றாள். என் குரலைக் கேட்ட தயாரிப்பாளர், முகம் சீமாட்டி, தொண்டை வண்டிக்காரன் என்று சொல்லி வேறொருத்தியைப் பேச வைத்தார். என்னுடைய தொடக்க காலப் படங்கள் எதிலும் நான் பேசவில்லை. எனக்கு வசனம் பாடமாகாது. அந்தத் தொலைபேசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் பேசியது இத்தாலிய மொழி; அதை ஆங்கிலத்தில் சொல்ல மேடையில் இருந்த மொழிபெயர்ப்பவர் இன்னும் வாய் திறக்கவில்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் அந்த அடி முதலில் விழுந்தது இவர்கள் இரண்டு பேருக்கும்தான். கணவரின் முகத்தைப் பார்க்கப் பியற்றிஸுக்குப் பயமாக இருந்தது. சாவு வீட்டுச் செய்தியைத் தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு முகம் வெளிறுமே, அப்படி வெளிறியிருந்தது. பிறகு ஆங்கிலம் வந்து சேர்ந்தது, மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பின்மேல் பியற்றிஸுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் முத்தண்ணை கையை உயர்த்தினார். பியற்றிஸ் கோட்டைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம், இருங்கோ." அவர் இருக்கவில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இத்தாலிய மொழியில் சொன்னார்.

"சீமாட்டியே, எனக்குப் பேச்சுத் தந்தது நீங்கள் என்று சொல்ல வந்தேன். இனி அதை நான் யாரிடம் சொல்வது?"

நடிகையின் சிரிப்பு நின்றுவிட்டது. ஊன்றுகோலில் சாய்ந்து முன்னால் குனிந்தாள். இன்னொருமுறை சொல்லும்படி கேட்டாள். முத்தண்ணை அதே வசனத்தை, அதே இழுப்போடு, அதே மூச்சோடு திரும்பச் சொன்னார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது இனெஸ்," என்றாள். "இனெஸ் இப்படித்தான் பேசுவாள்."

மொழிபெயர்ப்பவர் தன் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மண்டபத்தை விட்டுவிட்டு இவரோடு மட்டும் பேசினாள். எனக்குக் குரல் கொடுத்த இனெஸ் பின்வாசலால் வந்து, இருட்டறையில் பேசிவிட்டு, பின்வாசலால் போகிறவள். அவளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். படத்தில் அவள் பெயரைப் போடவில்லை. செத்துக் கனகாலம். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. உங்கள் நன்றியை நான் வாங்கக்கூடாது, ஐயா. முத்தண்ணை அந்தப் பெண்ணின் முழுப் பெயரைக் கேட்டார். நடிகை இனெஸ் என்று தொடங்கினாள். நெற்றியைத் தேய்த்தாள். மேற்கொண்டு அவளுக்கு வரவில்லை. அந்தக் கிழவி அத்தனை பேருக்கு முன்னால் அழத் தொடங்கியதைப் பியற்றிஸ் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் திரும்பி வந்தார்கள். பின்ச்லி ரோட் நிலையம் தாண்டியதும் முத்தண்ணை, "ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணியிருக்கிறா, பியற்றிஸ்," என்றார்.

கடையின் கசெற் தட்டு பியற்றிஸின் நினைவுக்கு வந்தது. மேலே இருந்தவை, மீன் பைகளுக்குக் கீழே கிடந்தவை. "அப்ப அந்த அஞ்சு படமும்?"

"ஓம். அஞ்சும் இனெஸின்ர."

கொர்சாரியின் வாழ்நாளின் மிகச் சிறந்த படங்கள் என்று சனத்தோடு சண்டை பிடித்து வரிசைப்படுத்தியதெல்லாம் வேறொருத்தியின் படங்கள். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சரியாகத்தான் பொறுக்கியிருக்கிறார். அதைச் சொல்லித் தேற்றப் பியற்றிஸுக்கு வாய் வந்தது. ஆனால் அவருடைய கையைப் பார்த்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பனிக்கட்டிபோல் இருந்தது.

அந்தக் கிழமை நாலைந்து நாள் தொலைக்காட்சி இருண்டு கிடந்தது. முத்தண்ணை மீனை வெட்டினார், நிறுத்தார், கொடுத்தார். எங்கும் நிற்காமல் ஓடிய கத்தியைப் பார்க்கச் சனத்துக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சுகமில்லையா என்று பியற்றிஸிடம் இரகசியமாக விசாரித்தார்கள். என்னவென்று சொல்வது? கொர்சாரி நல்ல சுகமாக இருக்கிறாள், செத்துப்போனது அவர்கள் கேள்விப்பட்டிராத இனெஸ்.

வெள்ளிக்கிழமை காலை பியற்றிஸ் கல்லாவைத் திறக்க வந்தபோது தொலைக்காட்சியின்மேல் துவாய் கிடந்தது. வீட்டுக் குளியலறையின் பெரிய பச்சைத் துவாய். திரை முழுவதையும் மூடி, ஓரம் ஐஸ் பெட்டிவரை தொங்கியது. துவாய்க்குப் பின்னால் ‘துறைமுகத்துச் சீமாட்டி' ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வெளியே வந்தது: கப்பல் ஊதியது, யாரோ படியேறினார்கள். முத்தண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு பாரையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.

விளைமீன் வாங்க வந்த யோகமலர் மேலே பார்த்தார். காயப்போட்ட துவாயாக்கும் என்று நினைத்துவிட்டார். "படம் மறைக்குது அண்ணை," என்று சொல்லிக்கொண்டு, எட்டி, தொங்கிய ஓரத்தைப் பிடித்து இழுத்தார். படத்துக்குள் தொலைபேசி மணி அடித்தது. முத்தண்ணை திரும்பினார். செதிளும் இரத்தமும் வழிந்த கையை அப்படியே நீட்டி, அந்தத் துவாயைத் திரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.