தாசம்மாளின் பதினேழு தீவுகள்

ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையின் மாடியில் தனியாகக் குடியிருந்த தாசம்மாளுக்குப் பதினேழு தீவுகள் சொந்தம். பகலெல்லாம் மின்னணு ஆலையில் சால்டரிங் மேசைமுன் குனிந்திருப்பாள். சாயங்காலம் முகம் கழுவி டீவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கடல் திறக்கும்.

1993இல் அண்ணன் துபாயிலிருந்து தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி அது. கேசட் ஒன்றுதான், எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அதில் சுடுவதும் சண்டையும் கிடையாது. படகில் போய் இருண்ட தீவுகளில் விளக்கேற்றி மரம் நட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. அவளுக்குச் சலிக்கவே இல்லை. தாழம்பூத் தீவு, மழைத்தீவு, ஒருத்தரும் இல்லாத தீவு என்று தானே பேர் வைத்தாள். ஆலையில் ஈயம் உருகி மணியாகத் திரளும்போதுகூட அந்தக் கடலின் ஓரம் கண்ணில் மினுங்கும்.

பெட்டி மக்கர் செய்தபோதெல்லாம் அவளே திறந்தாள். பட்டனுக்கு அடியில் தேய்ந்த ரப்பருக்குப் பதிலாகப் பழைய ரிமோட்டிலிருந்து வெட்டி வைத்தாள். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

ஒருநாள் தம்பானூர் இன்டர்நெட் சென்டரில் தேடியபோது, அதே விளையாட்டில் கிறங்கிக் கிடப்பவர்களின் இணையப் பக்கம் ஒன்று அகப்பட்டது. அதில் எழுதியிருந்த ஸ்வப்னா நாகர்கோவில்காரி. கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை; அதற்காக ஜப்பான் மொழி படித்தவள். அதிலிருந்த விலாசத்துக்குத் தாசம்மாள் கடிதம் போட்டதும் அடுத்த ஞாயிறே வந்து நின்றாள்.

"அக்கா, கேசட்டுக்குள்ள பட்டன் பாட்டரி ஒண்ணு உண்டு. அது செத்தா எல்லாம் அழிஞ்சிரும். எனக்க தீவெல்லாம் போன மாசம் போச்சு."

தாசம்மாள் கேசட்டைத் திறந்து மீட்டர் வைத்தாள். பாட்டரியில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கழற்றினால் தீவுகள் போகும், விட்டுவைத்தாலும் போகும்.

"பெட்டி ஓடும்போதே மாத்தினா? பெட்டியில இருந்து கரண்டு வரும் இல்லியா?"

"கை நடுங்கினா தீந்துது, கேட்டேளா."

"எனக்க கை நடுங்காது மக்களே."

மூடி கழற்றிய கேசட்டைச் செருகி ஆன் செய்தார்கள். ஸ்வப்னா பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். சூடேறிய சால்டரிங் கம்பியிலிருந்து கேசட்டுக்குக் கரண்டு கசியாதபடி அதைப் பிளக்கிலிருந்து உருவிவிட்டு, பழைய பாட்டரியை எடுத்தாள் தாசம்மாள். திரையில் கடல் ஒருமுறை சிலிர்த்தது. புதியதை வைத்து ஒட்டினாள். பிறகு பெட்டியை அணைத்தாள்.

மறுபடி ஆன் செய்தபோது பதினேழு தீவிலும் விளக்கு எரிந்தது. ஸ்வப்னாதான் அழுதாள்.

விளையாட்டில் படகு கிளம்பும்போதெல்லாம் துறைமுகத்துக் கிழவர் ஒருவர் சொல்வதை அவள் படித்தும் காட்டினாள். "போய் வா மகளே" என்றுதான் தாசம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். "இன்னைக்குக் கப்பல் வராது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். சிரித்துச் சிரித்துத் தாசம்மாளுக்கு விக்கல் எடுத்தது.

நடந்ததை ஸ்வப்னா அந்தப் பக்கத்தில் எழுதினாள். கொல்லத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் கேசட்டுகள் பார்சலில் வரத்தொடங்கின. சேலத்துக்காரர் ஒருவர், "பாட்டரி மாற்றியதும் என் தீவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்" என்று சீட்டு வைத்திருந்தார். தாசம்மாள் படகில் போய்ப் பார்த்தாள். மரமே இல்லை; கரை நெடுக விளக்கு, தெருப்போல வரிசையாக. கடைசி விளக்கு மட்டும் அந்தத் தெருவில் மெல்ல நடந்தாள்.