கண்ணாடியில் ஏறாத தண்ணீர்

1. அப்பாவின் இடத்தில்

பாய்லர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. இந்தத் தொழிலில் பயந்தவன்தான் தன் பென்ஷனைத் தானே வாங்குவான். தைரியசாலியின் பணத்தை அவன் பெண்டாட்டி போய் வாங்குவாள்.

என் தாத்தா புதுச்சேரியில் ஒரு நூல் ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளியவர். அப்பா அதே பாய்லருக்கு ஃபயர்மேன். 1954-இல் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. எங்கள் மேலதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர், ஷெஃப் மிசியே, பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்.

ஷிப்ட் ஏறியதும் முதல் வேலை கேஜ் கிளாஸைச் சோதிப்பது. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. அடியில் ‘காக்’ என்று ஒரு சின்னத் திருகுக்குழாய் உண்டு; அந்தக் காக்கைத் திறந்தால் கண்ணாடியில் நிற்கிற தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போகும். மூடினால் உள்ளேயிருந்து புதுத் தண்ணீர் குபுக்கென்று ஏறி நிற்க வேண்டும். போன ஷிப்ட்காரன் பார்த்த தண்ணீரை நம்பி அடுத்தவன் ஓட்டக்கூடாது.

எங்கள் வீட்டு ஆட்களுக்கு இதோடு இன்னொரு வழக்கம். காக்கைத் திறக்கும்போது நெற்றியில் சிலுவை போட்டு, "எங்கப்பனோட சர்வேசுரா" என்று சொல்ல வேண்டும். தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொன்னேன். ஆனால் அப்பா சொன்னது வேறு மாதிரி. பக்கத்தில் யாரோ நிற்பதுபோல அவரோடு பேசிக்கொண்டேதான் கரி போடுவார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சர்வேசுரன் அப்பாவுக்குத் தெரிந்தவர், நான் கேள்விப்பட்டவர், அவ்வளவுதான். அப்பாவும் போய், மிசியேக்களும் போனபிறகு, அவரும் அதே கப்பலில் ஏறிவிட்டாரோ என்று எனக்குள் ஒரு திகில் இருந்தது. கோயிலில் சுவாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் அடிப்பார்.

2. ஒற்றைக் கண்

பாய்லருக்கு இரண்டு கேஜ் கிளாஸ் உண்டு. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். எங்கள் கெட்ட நேரம், இடப்பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. அந்த அளவுக் குழாய் பிரான்சிலிருந்துதான் வரும். கொடி மாறியபின் அந்தப் பார்சல் வருவது நின்றுபோனது. சென்னையில் கிடைத்தது பருமன் கூடுதல், பொருந்தவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த புது எஞ்சினியர் ராமசாமி ஆள்மேல் ஆளாக அனுப்பித் தேடினார். அதுவரை ஒற்றைக் கண்ணை வைத்து ஓட்டினோம். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

3. அந்தக் காலை

வெள்ளாப்பில், பொழுது விடிகிற நேரத்தில், நான் ஷிப்ட் ஏறினேன். எனக்கு முந்தின ஷிப்ட் கோவிந்தசாமி. குப்பத்து ஆள், கடலுக்குப் போகப் பிடிக்காமல் கரிக்கு வந்தவன்.

"தண்ணி பாதிக்கு நிக்குது அந்துவான். நான் கெளம்பறேன்" என்று துண்டை உதறினான்.

சிலுவை போட்டேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், காக்கைத் திறந்தேன். தண்ணீர் போனது. மூடினேன். கண்ணாடி வெறுமையாக நின்றது. மறுபடி செய்தேன். மேல்வழியில் ஆவி வந்தது. கீழே தண்ணீர் வழியில் ஒரு சொட்டு இல்லை.

தண்ணீர் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது, அது தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து? கோவிந்தசாமி பார்த்த பாதித் தண்ணீர் நிஜமா, கண்ணாடியில் தேங்கிய பழைய தண்ணீரா? அதை நம்பி அவன் தண்ணீர் பம்பைக் குறைத்தல்லவா ஓட்டியிருப்பான்! உள்ளே தண்ணீர் வற்றி, எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டிய நெருப்புக் குழாயின் முதுகு பழுக்கக் காய்ந்திருந்தால், இப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே பாய்லர் வெடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றுகிற பெண்கள். அதில் என் தங்கச்சி மேரியும் ஒருத்தி.

"காளியம்மா! பம்பைத் தெறந்து வுட்டுடறேன்டா!" கோவிந்தசாமி வால்வைப் பிடித்தான்.

"தொடாத!" என்று கத்தினேன். கத்தல் கேட்டு எஞ்சினியர் மேஸ்திரியோடு ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"பம்பைத் தொடாதீங்க. தீயை வெளிய இழுங்க. மில்லு நின்னா நிக்கட்டும். மேஸ்திரி, பொம்பளைங்களை மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றவர், தாமே தீ இழுக்கிற நீளக் கொக்கி ஒன்றை எடுத்துக்கொண்டார். "நானும் நிக்கறனுங்க அந்துவான்."

நெருப்புக் கதவைத் திறந்து அதற்கு நேராக நின்றேன். வெடித்தால் முதலில் போகிறவன் நான். மனப்பாடமாகத் தெரிந்த செபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எங்கப்பனோட" என்று தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன். அப்பாவைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள அங்கே நேரமில்லை. வந்தது இதுதான்: "சர்வேசுரா, நான் அந்துவான். என்னைத் தெரியுதா? ரொம்ப பயமா இருக்கு. என்கூட நில்லும்."

பயம் போகவில்லை. போனது என்று எழுதினால் பொய். பயத்தோடேதான் நெருப்பை இழுத்தேன். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் நான் தனியாக இல்லை என்பது, பக்கத்தில் எஞ்சினியர் நிற்பதைப்போல அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. அப்பா கரி போடும்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சர்வேசுரன் எங்கேயும் போகவில்லை. தாத்தா நின்ற இடத்தில், அப்பா நின்ற இடத்தில், அதே சூட்டில் நின்றுகொண்டிருந்தார்.

4. கம்பி

நெருப்பு அணைந்து, அழுத்தம் இறங்கச் சாயங்காலம் ஆனது. காக்கின் முனைத் திருகைக் கழற்றி, தண்ணீர் வழியில் ஒரு கம்பியை விட்டேன். முட்டியது. இன்னும் அழுத்திக் குத்தினேன். சுண்ணாம்புக் காரையைப்போல ஒரு கட்டி உடைந்து விழுந்தது. பின்னாலேயே வெதுவெதுப்பான தண்ணீர் என் கைமேல் கொட்டியது. திருகைப் போட்டு மூடியதும் கண்ணாடியின் அடியில் தண்ணீர் ஏறி நின்றது. நெருப்புக் குழாயின் முதுகுக்கு மேல் நாலு விரல் மட்டம்.

கோவிந்தசாமி காலையிலிருந்து வீட்டுக்கே போகவில்லை. அப்படியே கரிமேல் உட்கார்ந்து அழுதான். எஞ்சினியர் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உள்ள இருந்துக்கிட்டேதான் இருந்திருக்குது. நமக்கு வர்ற வழிதான் அடைச்சிருக்குது" என்றார்.

அவர் பாய்லரைத்தான் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

5. மறுநாள்

மறுநாள் அதே கதவைத் திறந்து அதே பாய்லருக்கு நெருப்பு வைக்க வேண்டும். தம்பிகளே, அன்றைக்குத்தான் அதிகம் பயந்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஷிப்டிலும் பயந்தேன். அடைத்த வழி மறுபடி அடைக்கும். யார் சொன்னாலும், பெற்ற அப்பனே சொல்லியிருந்தாலும், கண்ணாடியை நீங்களே திறந்து பாருங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நெருப்பு வைக்குமுன், பக்கத்தில் நின்ற கோவிந்தசாமிக்கு முன்னால் சிலுவை போட்டுக் காக்கைத் திறந்தேன். "என் சர்வேசுரா" என்றேன். மூடினேன். தண்ணீர் குபுக்கென்று ஏறியது.

கோவிந்தசாமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான். "இன்னாபா, தெனம் உங்கப்பாரைச் சொல்லுவ. இன்னிக்கு வுட்டுட்டியே?"

"வுடலடா. அவரும் இவருகிட்டதான் இருக்காரு" என்றேன்.