சுங்கை வேயில் நூல் பூசணி வெட்டிய கதை

சனிக்கிழமை காலை 6.50. தைப்பிங் ஸ்டேஷன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோலாலம்பூருக்கு டிக்கெட் ஐம்பத்திரண்டு ரிங்கிட். எனக்கு வயது அறுபத்து மூன்று, அதனால் பாதி விலை. கையில் ஒரே ஒரு பை. இரண்டு சேலை, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய்.

என் தம்பி ஆறுமுகத்தைப் பார்க்கப் போகிறேன். சுங்கை வேயில் முப்பது வருஷம் மீ கோரேங் கடை, அதாவது பிரட்டிய நூடுல்ஸ் கடை, போட்டவன். இனிப்பு நீர் வியாதி. ஜனவரியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கடையை விற்றான். மீ கூடாது, சோற்றைக் குறை என்று டாக்டர் சொன்னார். அவன் எல்லாவற்றையும் குறைத்துவிட்டான். அறைக்குள்ளேயே ஓட்ஸ் கஞ்சி, அதுவும் பாதிக் கிண்ணம். மேசைக்கு வருவதில்லை. பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டான். இப்படியே பட்டினி கிடந்தால் புண் ஆறாது, ஆறாவிட்டால் காலில் இன்னும் வெட்ட வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் மனைவி லீலா இதைப் போனில் சொன்னாள். அழவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். கிளம்பிவிட்டேன்.

ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலைகள். அதற்குப் பிறகு செம்பனைத் தோட்டம். மறுபடியும் செம்பனை. பக்கத்து சீட்டு மலாய்க்கார அம்மா வாழைப்பழ வறுவல் கொடுத்தார். தின்றேன். கொஞ்சம் தூங்கினேன்.

10.35. கேஎல் சென்ட்ரல். மின்படிக்குக் கீழே லீலா நின்றாள். அவளும் மெலிந்துதான் இருந்தாள். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு வேகம்.

"அக்கா, வீட்டுக்கு இப்பப் போக வேணாம். ஒரு சாமான் தேடணும்."

ஜொகூரில் வேலை செய்யும் மகள் அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். நடந்துகொண்டே போனில் காட்டினாள். மஞ்சளாக ஒரு பூசணி. வெட்டி, ஓவனில் வாட்டி, முள்கரண்டியால் கீறுகிறார்கள். சதை நூல் நூலாக வருகிறது. வெள்ளைக்காரர்கள் அதை ஸ்பெகட்டிக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள்.

"மாவே கிடையாதுக்கா. வெறும் காய்தான். அவருக்கு மீ மாதிரி இருக்கும்ல?"

எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் போனோம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். பூக்கடை, பாத்திரக்கடை தாண்டி ஒரு காய்கறிக் கடை. லீலா கேட்டாள்.

"அண்ணே, நூலு நூலா வர்ற பூசணிக்கா இருக்கா?"

"நூலு நூலா வந்தா அது கெட்டுப்போன பூசணிக்காலா, தங்கச்சி."

நான் சிரித்துவிட்டேன். லீலா சிரிக்கவில்லை. போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுவா? இது பெரிய கடைச் சாமான். பிஜே பக்கம் போங்க. வெள்ளக்காரன் வாங்குற கடையில பாருங்க."

எல்ஆர்டி ரயில் பிடித்துப் பெட்டாலிங் ஜெயா போனோம். இறங்கிக் கால்மணி நேரம் வெயிலில் நடை. பெரிய கடை, ஐஸ் மாதிரிக் குளிர். ஆப்பிளுக்குப் பக்கத்தில் நாலே நாலு கிடந்தன. வெளிர் மஞ்சள், பெரிய முட்டை மாதிரி, ஒரு சாண் நீளம். ஆஸ்திரேலியா என்று ஒட்டியிருந்தது. என்னைவிட அதிக தூரம் வந்திருக்கிறது. கிலோ 18.90. ஒன்றரைக் கிலோவுக்கு 28.35 ரிங்கிட். ஊரில் அந்தக் காசுக்கு பூசணி தூக்க ஆள் வைக்க வேண்டும். லீலா யோசிக்காமல் எடுத்தாள்.

பிற்பகல் 1.40. அங்கிருந்து சுங்கை வேக்கு வாடகைக் கார், ஒன்பது ரிங்கிட். ஓட்டியவர் செந்தூல்காரர். லீலா காயை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன ஆன்டி, புதுக் கார் பூசையா? உடைக்கப் போறீங்களா?"

"இல்ல. சாப்பிட" என்றேன்.

"எவ்வளவு?"

லீலா விலையைச் சொன்னாள். அவர் பிரேக்கைத் தொட்டதுபோல் இருந்தது.

"இருபத்தெட்டு வெள்ளிக்குப் பூசணிக்காயா! அடேயப்பா. இத ரோட்டுல உடைச்சா ரோட்டுக்கே கண்ணு பட்டுரும்லா."

இப்போது லீலாவும் சிரித்தாள். இறங்கும்போது அவரே கதவைத் திறந்துவிட்டார். "பாத்து ஆன்டி, சாமான் பத்திரம்" என்றார்.

2.00 மணி. தம்பி வீடு தரை வீடு, பழைய வரிசையில் கடைசி. சமையலறைச் சுவரில் அவனுடைய குவாலி தொங்கியது. கடையில் முப்பது வருஷம் மீ பிரட்டிய இரும்புச் சட்டி. விற்றுவிடு என்று அவன் சொன்னானாம். லீலா விற்கவில்லை. வாரம் ஒரு தடவை எண்ணெய் தடவி வைக்கிறாள்.

அறைக்குள் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஓட்ஸ் கிண்ணம் ஆறிப் பாதியாக இருந்தது.

"வந்துட்டியாக்கா."

"வந்துட்டேன்."

"ரயில் கூட்டமா?"

"இல்ல."

அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அவன் தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டியது. வெளியே வந்துவிட்டேன்.

4.30. லீலா ஓவனை ஒழித்தாள். சின்ன மேசை ஓவன். தீபாவளிக்கு பிஸ்கட் போட மட்டும் எரியும். மற்ற பதினொரு மாதமும் உள்ளே சட்டியும் மூடியும் இருக்கும். பிறகு காயைக் கழுவி மேசையில் வைத்தாள். கத்தியை எடுத்தாள். நின்றாள். என்னைப் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயில் பெண்கள் முதல் வெட்டு போடுவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம். ஆண் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தால் மிச்சத்தை நாங்கள் நறுக்கலாம். கடையில் வாங்கும் துண்டுப் பூசணிக்கு இந்தத் தொல்லை இல்லை. இது முழுசு.

நான் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வை, லீலா. பொம்பள முதல் வெட்டு போடக் கூடாது. ஆம்பள வரட்டும்."

அறையிலிருந்து சத்தம் வந்தது. "பக்கத்து வீட்டு ராஜுவக் கூப்பிடு."

"ராஜு அண்ணன் வேலைக்குப் போயிட்டாருங்க" என்றாள் லீலா. ராஜுவின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. அவர் வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது.

"அப்ப நாளைக்கு வெட்டு."

"நாளைக்கு நான் ஊருக்குப் போயிடுவேன்டா" என்றேன். "நான் இருக்கும்போது வெட்டு."

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். லீலா ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்த்தாள். நான் அவள் முந்தானையை இழுத்து நிறுத்தினேன்.

காயைப் பார்த்தான். விரலால் தட்டினான்.

"என்னக்கா இது? சுரக்காய்க்கு பெயிண்ட் அடிச்சிருக்கா?"

"வெட்டுடா."

கத்தியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்தான். குறுக்கே வைத்து ஒரே அழுத்து. தோல் கல் மாதிரி. இரண்டாவது அழுத்தில் பிளந்தது.

லீலா பதறினாள். "ஐயோ, தப்பா வெட்டிட்டீங்க! வீடியோவுல நீட்டு வாக்குல வெட்டுறாங்க."

அவன் ஒரு பாதியை வெளிச்சத்துக்குத் தூக்கினான். விதையை வழித்தான். சதையை நகத்தால் நெருடினான்.

"இங்க பாரு. நூலு வட்டமா சுத்தி ஓடுது. நீட்டு வாக்குல வெட்டுனா ஒவ்வொரு நூலும் பாதியில அறுந்துரும். மீக்கு நீளம் வேணும். வீடியோக்காரனுக்கு மீயப் பத்தி என்ன தெரியும்?"

ஜனவரிக்குப் பிறகு அவன் மீ என்ற சொல்லைச் சொன்னது அன்றுதான் என்று லீலா பிறகு என்னிடம் சொன்னாள்.

அவனே வளையம் வளையமாக நறுக்கினான். இரண்டு விரல் கனம். தட்டில் அடுக்கும்போது நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கப் போனேன். பூசணி என்றால் தண்ணீர் தெளித்து வேகவைப்பதுதான் என் பழக்கம்.

"தண்ணி ஊத்தாதக்கா! ஊறிப் போனா பிரட்ட முடியாது. எண்ணெயத் தடவு. உப்புப் போடு. போதும்."

இருநூறு டிகிரி. முப்பத்தைந்து நிமிஷம். அவன் அறைக்குத் திரும்பவில்லை. ஓவன் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். லீலா பூண்டு கொடுத்தாள், உரித்தான். டோஃபூ கொடுத்தாள், வெட்டினான். ஓவனிலிருந்து ஒரு வாசனை வந்தது. சுட்ட சோளத்துக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் நடுவில்.

வெளியே எடுத்ததும் ஓரம் சிவந்திருந்தது. அவன் முள்கரண்டியால் வளையத்தை நெம்பினான். நூல் சுருள் சுருளாக அவிழ்ந்தது. நீளமாக. மஞ்சளாக. அச்சு அசல் மஞ்சள் மீ. பெரிய துணியில் பரப்பி ஈரம் வற்ற வைத்தான்.

பிறகு சுவரிலிருந்து குவாலியை எடுத்தான். எண்ணெய் தடவியிருந்தது கையில் பிசுபிசுத்தது. லீலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

தீ பெரிதாக எரிந்தது. பூண்டு, மிளகாய் விழுது, டோஃபூ, முட்டை, முளைப்பயறு. கிச்சாப் என்கிற சோயா சாஸில் இனிப்பு இருக்கிறது என்று நாலே சொட்டு. கடைசியில் நூல். இரண்டு பிரட்டு, மூன்று பிரட்டு. அதிகம் பிரட்டினால் உடையும் என்று அவனே சொல்லிக்கொண்டான். ஒற்றைக் காலில் பாரம் போட்டுத்தான் நின்றான். ஆனால் கரண்டிக் கை ஆடவில்லை.

6.15. மேசை. மூன்று தட்டு. சின்ன எலுமிச்சை பிழிந்து ஒரு வாய் வைத்தான். மென்றான். லீலா தன் தட்டைத் தொடவில்லை.

"இது மீ இல்ல" என்றான்.

லீலா தலையைக் குனிந்தாள்.

"ஆனா குவாலிக்குத் தெரியல" என்றான். இன்னொரு வாய் எடுத்தான்.

கொஞ்சம் நறுக்கென்று இருந்தது. லேசான இனிப்பு. காரம் உள்ளே இறங்கவில்லை, மேலேதான் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், கடை மீ இதைவிட ருசி. ஆனால் நான் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு நாளாகிவிட்டது. அவன் தட்டைக் காலி செய்தான். "மிச்சம் இருக்கா?" என்று கேட்டான். லீலா எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அந்த நேரத்தில் வாசலில் ராஜு எட்டிப் பார்த்தார். "என்னலா வாசனை? மறுபடியும் கடை போட்டுட்டியா?"

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீ வேலைக்குப் போகல?"

"சனிக்கிழமை என்ன வேல?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.10. ஸ்ரீ செத்தியா ஸ்டேஷனிலிருந்து கோமுட்டர் ரயில். கிளம்பும்போது தம்பி வாசல் கேட்டு வரைக்கும் வந்தான். கைலி கட்டி, புது ரப்பர் செருப்பு போட்டு.

"ஒன்னு எவ்வளவு விலைக்கா அது?"

"லீலாவக் கேளு."

"அவ சொல்ல மாட்டா. சரி. அடுத்த தடவ கொஞ்சம் பெருசா வாங்கச் சொல்லு. வளையம் பெருசா இருந்தா நூல் இன்னும் நீளமா வரும்."

"சரிடா."

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முனை திரும்பும் வரை நின்றான். ஊறுகாய்ப் போத்தலைக் கொடுக்க மறந்து பையிலேயே திரும்பக் கொண்டுபோகிறேன் என்பது ரயிலில்தான் தெரிந்தது. அவனுக்கு அவ்வளவு உப்பும் ஆகாது. நல்லதுதான்.

மாலை தைப்பிங். மழை. வரும் வழியில் பாசாரில் ஒரு நாட்டுப் பூசணி வாங்கினேன், முழுசு, ஆறு ரிங்கிட். சமையலறையில் வைத்து, கத்தியை எடுத்து, இரண்டாகப் பிளந்தேன். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். அன்றிலிருந்து என் வீட்டில் முதல் வெட்டு என்னுடையதுதான். சுங்கை வேயில் அதை நான் சொல்லவில்லை.